சச்சரவின் செலவுக் கணக்கு

காரைக்கால் வணிகர் பட்டணம். காரைக்காலம்மையாரையும் அவரை மணந்த பரமதத்தனையும் வணிகர் குடியினராகவே பெரிய புராணம் நமக்குக் காட்டுகிறது. அத்தகைய ஊரிலும் ஒரு பெருஞ்செலவுக்கு மட்டும் பேரேட்டில் பற்று எழுதுவார் இல்லை. வேலை கொடுப்போரும் வேலை செய்வோரும் முகங்கொடுத்துப் பேசாமையால் விளையும் நஷ்டமே அது. கூலியை உயர்த்தினால் எவ்வளவு கூடும் என்பதை நிலக்காரரும் ஆலைக்காரரும் சல்லிக்காசு பிசகாமல் சொல்லிவிடுவார்கள். பேச மறுத்தால் எவ்வளவு போகும் என்று கேட்டாலோ, விடை வராது.

சம்பா முற்றித் தலைசாய்ந்து நிற்கும் வயலைப் பார்ப்போம். கூலிப் பேச்சு முறிந்து அறுப்பு நான்கு நாள் தள்ளிப்போகிறது. அந்நாட்களுக்குக் கூலி கொடுக்கவில்லை, ஆகையால் அது மிச்சமே என்று மிராசுதார் எண்ணக்கூடும். ஆனால் முற்றிய கதிர் எவருடைய ரோஷத்திற்காகவும் காத்திராது. மணி உதிர்கிறது. மழை பிடித்துக்கொண்டால் சாய்ந்த கதிரிலேயே முளை கிளம்புகிறது. ஈரநெல்லைக் கண்ட வியாபாரி விலையைக் குறைக்கிறார். காவிரியின் கடைமடையாகிய இப்பகுதியில் தண்ணீர் வருவதே பிந்தி. பிந்தி நட்டவனுக்கு அறுப்பிலும் நாள் போனால் என்ன மிஞ்சும்? இவ்வளவும் கணக்கில் மழை நஷ்டம் என்றே பதிவாகிறது. சச்சரவின் பெயர் அங்கே வருவதில்லை. தொழிலாளியின் வீட்டிலும் இதே கதைதான். வேலையற்ற நாட்களில் அடகு போன தோடு, பிறகு வட்டிச் செலவாகவே நினைவில் நிற்கிறது.

நூற்பாலையில் பத்து வருஷம் பழகிய கை மனங்கசந்து விலகினால், புதிய கை பழகும்வரை அறும் நூலெல்லாம் கழிவுப் பஞ்சில் சேர்கிறது. துறைமுகத்தில் குறித்த காலத்திற்குள் சரக்கு இறங்காவிட்டால் கப்பல்காரருக்குத் தாமதக் கட்டணம் இறுக்கவேண்டும். அதுவும் வேறு தலைப்பில் போய் ஒளிந்துகொள்கிறது.

நம் பிரதேசத்தின் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. காரைக்கால் பிரெஞ்சிந்தியாவில் அடங்கியிருந்த காலத்தில், புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை முதலிய கோரிக்கைகளுடன் வேலைநிறுத்தம் செய்தனர். வ. சுப்பையா அவர்களின் தலைவராக விளங்கினார். 1936-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ம் தேதி சவானா ஆலையில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 12 தொழிலாளர் மாண்டனர். மறுவருஷமே, 1937-ல், எட்டு மணி நேர வேலையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் பிரெஞ்சு சர்க்கார் சட்டத்தால் ஒப்புக்கொண்டது. மாண்டவரின் உயிரைக் காசில் எண்ண நாம் துணியோம். ஆயினும், 1937-ல் கொடுக்க முடிந்ததை 1936-ன் துவக்கத்தில் கொடுத்திருந்தால் எந்த ஆலை முழுகிப்போயிருக்கும்?

காரைக்காலின் அண்டைப் பிரதேசமான நாகப்பட்டினம் வட்டாரத்தில் நடந்தது இதனினும் கொடிது. கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட கூலித் தகராறு முற்றி, 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ம் தேதி இரவு கீழ்வெண்மணியில் தலித் மக்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டனர். கூலி ஒன்றே அங்கு பிரச்னை அன்று. எளியவன் சங்கம் சேர்ந்து நிமிர்ந்து நின்று கேட்பதா என்ற ஜாதி ஆணவமும் சேர்ந்து மூட்டிய தீ அது. அதன் பின்னர்தான் கணபதியா பிள்ளை கமிஷன் கூலி விஷயத்தை விசாரித்தது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் தமிழ்நாட்டில் பிறந்தது. எல்லைக்கு இப்பாலுள்ள காரைக்காலுக்கு அச்சட்டம் நேரே செல்லாது. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் ஆட்களோ எந்த எல்லைக்கல்லையும் பார்த்து நடப்பதில்லை.

ஆலைகளுக்கு இன்று வழி இல்லாமற் போகவில்லை. 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டமே, 100 பேருக்குக் குறையாத தொழிற்சாலைகளில் இருதரப்புப் பிரதிநிதிகளும் அமரும் கமிட்டிக்கு இடம் வைத்தது. 2020-ம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, 20 பேர் வேலை செய்யும் இடத்திலும் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்கிறது. காகிதத்தில் மட்டும் கூடும் குழுவால் பயனில்லை என்பது வேறு விஷயம். நெற்களத்திற்கோ அதுகூடக் கிடையாது. திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகள், சம்பாக் கதிர் பால் பிடிக்கும் சமயத்திலேயே இரு தரப்பாரையும் அழைத்து அவ்வருஷக் கூலியைப் பேசி முடிக்கச் செய்யலாம். அந்தக் கூட்டத்திற்கு நிலக்காரர்கள் சென்ற வருஷம் உதிர்ந்த நெல்லின் கணக்கையும், தொழிலாளர் தாம் கட்டிய வட்டிக் கணக்கையும் கொண்டுவர வேண்டுமென்று நாம் கேட்டுக்கொள்கிறோம்.