எதிரொலியைத் தோழனாக்கிய பொள்ளாச்சிக்காரர்!

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு, செல்போன் என்றாலே தலையில் ஒரு குட்டிக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஆன்டெனா. இன்று அந்தக் கொம்பைக் காணோம். ஆனால், ஆன்டெனா எங்கும் போய்விடவில்லை. ஒன்றுக்குப் பதில் பலவாகி, உங்கள் போனின் ஓரங்களில் ஒளிந்துகொண்டிருக்கிறது. வீட்டு வைஃபை பெட்டியைப் பாருங்கள். அதில் இரண்டு, நான்கு என்று கொம்புகள் வெளிப்படையாகவே நிற்கும்.

ஒரே இன்டர்நெட்டுக்கு எதற்கு இத்தனை கொம்பு?

இந்தக் கேள்விக்கான பதில் ஒரு கடற்போரைத் தொட்டு, பொள்ளாச்சியில் பிறந்த ஒருவரின் வாழ்க்கை வழியாக வருகிறது. அவர் பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ்.

194 உயிர்கள்

1971 டிசம்பர் 9. இந்தியா-பாகிஸ்தான் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அரபிக்கடலில், டையூவுக்கு அப்பால், பாகிஸ்தான் நீர்மூழ்கியைத் தேடிப் போயிருந்தது இந்தியப் போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரி. தேடப்பட்ட ஹங்கோர் நீர்மூழ்கி முந்திக்கொண்டது. அது ஏவிய டார்பிடோ தாக்கி குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் உயிரிழந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் கப்பலோடு போனார்.

தண்ணீருக்குள் ரேடியோ அலை வெகுதூரம் போகாது. அதனால் நீர்மூழ்கியைத் தேட ஒலியைத்தான் நம்ப வேண்டும். ஒலியை அனுப்பி, எதிலாவது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கும் கருவிக்கு ‘சோனார்’ என்று பெயர். கேட்க எளிதாகத் தெரிந்தாலும், கடலுக்குள் ஒலி நேர்க்கோட்டில் போவதில்லை. மேலே வெந்நீர், கீழே குளிர்ந்த நீர் என்று இருக்கும் அடுக்குகளில் வளைகிறது. கடல்தரையில் மோதுகிறது, அலைகளில் சிதறுகிறது. எது நீர்மூழ்கி, எது வெறும் இரைச்சல் என்று பிரித்தறிவதுதான் பெரும்பாடு. அன்றைய இந்தியக் கப்பல்களில் இருந்தவை பிரிட்டனிலிருந்து வந்த பழைய சோனார்கள். நம் வெப்பக்கடலில் அவற்றின் காது மந்தமாகவே இருந்தது.

குக்ரியின் இழப்பு கப்பற்படையை உலுக்கியது. அந்தச் சோனாரை மேம்படுத்தும் பொறுப்பு ஓர் இளம் அதிகாரியிடம் வந்தது. அவர்தான் பால்ராஜ்.

படிப்புக்குப் போராடிய அதிகாரி

1944-ல் பொள்ளாச்சியில் பிறந்த பால்ராஜ், 15 வயதில் தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகக் கப்பற்படையில் சேர்ந்தவர். அலைவரிசைகள், சிக்னல்கள் பற்றிய கணக்கில் அவருக்குத் தீராத ஆர்வம். கப்பற்படை அவரை டெல்லி ஐஐடி-க்கு எம்.டெக். படிக்க அனுப்பியது. அவருடைய திறமையைப் பார்த்த பேராசிரியர் பி.வி.இந்திரேசன், அவரை நேராக முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு இழுத்துக்கொண்டார். இதே இந்திரேசன்தான் பின்னர் சென்னை ஐஐடி-யின் இயக்குநராக இருந்தவர். ‘கப்பலில் வேலை செய்பவருக்கு டாக்டர் பட்டம் எதற்கு?’ என்ற தயக்கம் கப்பற்படையில் இருந்தது. அதையெல்லாம் தாண்டி, 1973-ல் பால்ராஜ் முனைவர் ஆனார்.

அந்தப் படிப்பு வீண்போகவில்லை. பழைய சோனாரில் அவர் குழு செய்த மாற்றங்கள் வெற்றி பெற்று, கப்பல்களில் பொருத்தப்பட்டன. அடுத்து இன்னும் பெரிய வேலை. முழுக்க முழுக்க இந்தியாவிலேயே ஒரு நவீன சோனாரை உருவாக்க வேண்டும். கொச்சியில் உள்ள பாதுகாப்புத்துறை ஆய்வுக்கூடத்தில் 1977-ல் தொடங்கிய அந்த முயற்சிக்கு பால்ராஜ் தலைமை தாங்கினார். 1983-ல் ‘அப்சோ’ என்ற அந்தச் சோனார் தயாரானது. வெளிநாட்டிலிருந்து வாங்கியே பழகிய ஒரு துறையில், நம்மாலும் முடியும் என்று காட்டிய கருவி அது.

பெங்களூரில் செயற்கை நுண்ணறிவு மற்றும் ரோபாட்டிக்ஸ் மையத்தின் முதல் இயக்குநர் உட்பட இன்னும் சில பொறுப்புகளையும் பார்த்துவிட்டு, 1991-ல் கமாடோர் பதவியில் இருந்தபோது கப்பற்படையிலிருந்து விடைபெற்றார். அப்போது அவருக்கு வயது 47. பலரும் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயதில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் தாமஸ் கைலாத்தின் குழுவில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். துறையும் புதிது. கடல் ஒலியிலிருந்து ரேடியோ அலைக்கு மாறியிருந்தார்.

இரைச்சலில் ஒரு வரம்

அங்கே அவர் கைக்கு வந்ததும் ஒரு ராணுவப் பிரச்னைதான். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரேடியோவில் பேசினால், விமானத்தில் இருந்து ஒட்டுக்கேட்பவருக்கு இரண்டும் குழம்பித்தான் கேட்கும். பல ஆன்டெனாக்களை வைத்து, வரும் திசையைக் கணக்கிட்டு, இரண்டையும் பிரிக்க வேண்டும். இரண்டு டிரான்ஸ்மிட்டர்களும் மிக அருகருகே இருந்தால் திசையும் ஒன்றாகிவிடும். அப்போது பிரிப்பது கடினம். இதுதான் அதுவரை இருந்த பாடம்.

ஆனால் சோதனையில் வேறு விஷயம் தெரிந்தது. சுற்றிலும் அலைகளைச் சிதறடிக்கும் பொருட்கள் இருந்தபோது, பிரிப்பது இன்னும் எளிதாக இருந்தது. சுவர், மரம், கட்டடம் என்று எதிலாவது மோதித் தெறிக்கும் அலைகளை ரேடியோ என்ஜினீயர்கள் அதுவரை சாபமாகத்தான் பார்த்தார்கள். அந்தக் காலத்து டி.வி-யில் ஒரு முகத்துக்குப் பக்கத்தில் நிழலாக இன்னொரு முகம் தெரியுமே, அது இந்த எதிரொலியின் வேலைதான்.

அப்படியானால், வேண்டுமென்றே ஒரே இடத்திலிருந்து இரண்டு ஆன்டெனாக்கள் மூலம், ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு செய்திகளை அனுப்பினால் என்ன? சிதறலே அவற்றைப் பிரித்துக் கொடுத்துவிடுமே! இந்த யோசனைக்கு பால்ராஜும் கைலாத்தும் 1992-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1994-ல் கிடைத்தது. பல ஆன்டெனாவால் அனுப்பி, பல ஆன்டெனாவால் வாங்கும் இந்த முறைக்கு இன்று ‘மைமோ’ என்று பெயர்.

பத்தாம் வகுப்புக் கணக்கு

குழம்பிப்போன இரண்டு செய்திகளை எப்படிப் பிரிப்பது? உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கேளுங்கள்.

ஒரு பேனாவும் ஒரு பென்சிலும் சேர்ந்து 20 ரூபாய். இதை மட்டும் சொன்னால் பேனா என்ன விலை என்று தெரியாது. இரண்டு பேனாவும் ஒரு பென்சிலும் 35 ரூபாய் என்று இன்னொரு தகவலும் தந்தால்? பேனா 15, பென்சில் 5. முடிந்தது கணக்கு.

மைமோவிலும் இதேதான். அனுப்பப்படும் இரண்டு செய்திகள்தான் பேனாவும் பென்சிலும். வாங்கும் ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் அந்த இரண்டும் கலந்த ஒரு கலவை வருகிறது. இரண்டு ஆன்டெனா, இரண்டு கலவை, இரண்டு சமன்பாடு. எது எந்த அளவில் கலந்திருக்கிறது என்று அறிய, முன்பே தெரிந்த சில குறியீடுகளை இடையிடையே டவர் அனுப்பிக்கொண்டே இருக்கும். மீதியை உங்கள் போனில் உள்ள சிப் நொடிக்குப் பல்லாயிரம் முறை போட்டுத் தீர்க்கிறது.

இரண்டாவது தகவலாக, ‘இரண்டு பேனாவும் இரண்டு பென்சிலும் 40 ரூபாய்’ என்று சொன்னால்? பயனே இல்லை. அது முதல் தகவலையே திருப்பிச் சொல்வது. வெட்டவெளியில் டவரும் போனும் நேருக்கு நேர் பார்த்தால் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். இரண்டு ஆன்டெனாவும் ஒரே மாதிரி கலவையையே கேட்கும். சுவரும் மரமும் கட்டடமும்தான் இரண்டு சமன்பாடுகளையும் வேறுபடுத்துகின்றன. தொல்லை என்று நினைத்த எதிரொலி தோழனானது இப்படித்தான்.

யாரும் நம்பவில்லை!

தொடக்கத்தில் தொலைத்தொடர்பு உலகம் இதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. தாளில் அழகாக இருக்கும், தெருவில் ஓடும் காருக்குள் வேலை செய்யுமா என்ற கேள்வி. 1990-களின் நடுவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெரார்ட் ஃபோஷினி போன்றவர்களும் இதே வழியில் ஆராய்ந்து, ஆன்டெனாக்களின் எண்ணிக்கை கூடக்கூட வேகமும் அதே அளவில் கூடும் என்று கணக்கில் காட்டினார்கள்.

கணக்கு மட்டும் போதாது, செய்து காட்ட வேண்டும். 1998-ல் பால்ராஜ் ஒரு நிறுவனம் தொடங்கினார். ஐயோஸ்பான் வயர்லெஸ் என்று பெயர்பெற்ற அது, மைமோவை நிஜ ஊரில், நிஜ வீடுகளுக்கு இடையில் ஓட்டிக் காட்டியது. 2003-ல் அந்தத் தொழில்நுட்பத்தை இன்டெல் வாங்கியது. அடுத்து பீசீம் என்ற சிப் நிறுவனம். அதை 2010-ல் பிராட்காம் வாங்கியது. 2009-ல் வந்த வைஃபை 4, அதே ஆண்டு தொடங்கிய 4ஜி எல்லாமே மைமோவை உள்ளே வைத்துத்தான் வந்தன. அதுவரை அதிகபட்சமாக நொடிக்கு 54 மெகாபிட் என்றிருந்த வைஃபை, வைஃபை 4-ல் 600 மெகாபிட் வரை போக வழி பிறந்ததில் மைமோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

2010-ல் பத்ம பூஷண், 2011-ல் கிரஹாம் பெல் பதக்கம், 2014-ல் மார்கோனி பரிசு என்று அங்கீகாரங்களும் அவரைத் தேடி வந்தன.

வேகமா, உறுதியா?

பல ஆன்டெனாவின் பலன் வேகம் மட்டும் இல்லை. இரண்டு ஆன்டெனாவிலும் வெவ்வேறு செய்தி அனுப்பினால் வேகம் கூடும். ஒரே செய்தியை இரண்டு வழியாக அனுப்பினால் உறுதி கூடும். ஒரு பாதையை லாரி மறைத்தாலும் இன்னொரு பாதையில் செய்தி வந்து சேரும். எந்த நேரத்தில் எது வேண்டும் என்பதை டவரும் போனும் தங்களுக்குள் பேசி, கணத்துக்குக் கணம் மாற்றிக்கொள்கின்றன. சிக்னல் நன்றாக இருக்கும் கடைவீதியில் வேகம். ஊர் எல்லையில், சிக்னல் தேயும் இடத்தில் உறுதி. மளிகைக் கடையில் பணம் அனுப்பிவிட்டு, சுற்றும் வட்டத்தையே பார்த்து நிற்பவருக்கு, வேகத்தைவிட உறுதிதானே முக்கியம்?

ராணுவத்துக்கு அது உயிர்ப்பிரச்னை. எதிரி ‘ஜாமர்’ வைத்து அலைவரிசையில் கூச்சலைக் கொட்டுவான். பல ஆன்டெனா உள்ள ரேடியோ, அந்தக் கூச்சல் வரும் திசைக்கு மட்டும் காதைப் பொத்திக்கொள்ளும். தேவையான திசையை மட்டும் கேட்கும். அனுப்பும்போதும் சக்தியை நான்கு பக்கமும் இறைக்காமல் ஒரு பக்கமாகக் குவிக்கும். அதனால் பேட்டரி மிச்சமாகும். எதிரியின் காதில் விழும் வாய்ப்பும் குறையும். டவரே இல்லாத மலையிலும் இடிபாட்டிலும் ஒவ்வொரு வீரரின் ரேடியோவும் அடுத்தவருக்குச் செய்தி கடத்தும் குட்டி டவராக மாறும் முறையோடு, இன்று மைமோவும் சேர்ந்திருக்கிறது. நிலநடுக்க மீட்புப் பணிக்கும் இதே கருவி உதவும்.

காற்றில் இடம் இல்லை

இவ்வளவு பாடும் எதற்கு? அலைவரிசை என்பது நிலம் மாதிரி. புதிதாக உற்பத்தி செய்ய முடியாது. 2022-ல் இந்தியா நடத்திய 5ஜி ஏலத்தில் அலைவரிசை போன விலை சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். நிலத்தை வாங்க முடியாதவர் மாடி கட்டுவதைப் போல, அதே அலைவரிசையில் இன்னொரு அடுக்கு செய்தி அனுப்புகிறது மைமோ. சக்தியைக் கூட்டியும் வேகம் கூட்டலாம். ஆனால் சக்தியை இரண்டு மடங்காக்கினால் வேகம் கொஞ்சம்தான் ஏறும். ஆன்டெனாவை இரண்டு பக்கமும் இரட்டிப்பாக்கினால், சூழல் கைகொடுத்தால், வேகமே இரட்டிப்பாகும்.

5ஜி டவர்களில் தட்டையான பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதில் 64 அனுப்பும் பாதைகள், 64 வாங்கும் பாதைகள்கூட இருப்பது உண்டு. ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், பல பேருக்குத் தனித்தனி கதிர் அனுப்பும் வித்தை அது.

மைமோவால் எல்லாம் ஆகிவிடாது என்பதும் உண்மை. டவரே எட்டாத மலைக்கிராமத்துக்கு அது டவர் ஆகாது. புயலில் மின்சாரம் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால், 64 ஆன்டெனாவும் வெறும் இரும்புதான். நம்பகம் என்பது டீசல், கேபிள், பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது.

உங்கள் வீட்டில்...

* வைஃபை பெட்டியை வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். மூலையில் வைத்தால் பாதி அலை தெருவுக்குப் போகும்.
* இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி பக்கத்தில் வேண்டாம். சிதறல் நல்லது, ஆனால் இரும்பும் தண்ணீரும் அலையை அடைத்துவிடும்.
* கொம்புகள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்க்காதீர்கள். ஒன்று நேராக, ஒன்று சாய்வாக இருந்தால் ஒவ்வொன்றும் வேறு கலவையைக் கேட்கும்.
* சிக்னல் குறைவான இடத்தில் போனை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஓரத்தில் உள்ள ஆன்டெனாவை உங்கள் விரலே மறைக்கலாம்.

மீதமிருக்கும் பாடம்

இந்தியாவை 5ஜி-க்குத் தயார்படுத்துவது பற்றி மத்திய அரசுக்கு 2018-ல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவர் பால்ராஜ்தான். 2022 அக்டோபரில் இங்கே 5ஜி வந்தது. ஆனால் நம் போன்களில் அந்தப் பேனா-பென்சில் கணக்கைப் போடும் முக்கிய சிப்புகள் இன்னும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. சோனாரை வாங்காமல் நாமே செய்வோம் என்று 1977-ல் எடுத்த முடிவு ஆறு ஆண்டுகளில் பலன் தந்தது. அதே முடிவை இந்தச் சிப்புகளுக்கும் எடுத்து, பொறுமையாகப் பின்னால் நிற்பதுதான் அடுத்த வேலை. அதற்குத் தேவையான கணக்கு நம் பள்ளிக்கூடங்களில் பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது.