யாருக்குப் பரீட்சை?

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமையன்று இருக்கன்குடியில் கூடும் ஜனத்திரளைத் தென் ஜில்லாக்களில் அறியாதவர் இல்லை. அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடும் அவ்விடத்திலே மாரியம்மன் சந்நிதியை நாடி லக்ஷக்கணக்கானவர்கள் கால்நடையாகவும் வண்டிகளிலும் வருகிறார்கள். கண்நோய் தீர நேர்ந்துகொண்டவர்கள், அம்மை கண்டு பிழைத்தவர்கள், அக்கினிச் சட்டி எடுப்பவர்கள் என்று எத்தனையோ பேர். நோயும் நெருப்பும் இந்தப் பிரதேசத்தாருக்கு அன்றாட விஷயங்கள். கோயிலுக்கு மேற்கே சில மைல் தூரத்தில் சாத்தூர். அதற்கும் அப்பால் வெம்பக்கோட்டை, சிவகாசி. நாடெங்கும் தீபாவளி கொண்டாட வேண்டிய பட்டாசில் பெரும் பங்கைச் செய்து தருகிறவர்கள் இந்த வறண்ட பூமியின் ஏழை ஜனங்களே. 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் அதே கோரம். சிறு விபத்துகளுக்குக் கணக்கே இல்லை.

கருகிய உடம்போடு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கப்படுகிறவருக்கு முதலில் கைகொடுப்பவர் யார்? பெரும்பாலும் நர்ஸ்தான். டாக்டர் உத்தரவு எழுதுவார், போவார். இரவு முழுதும் கட்டிலருகே நிற்பவர் அவரே. அப்படிப்பட்டவர் படிப்பை முடித்தவுடன் பெயரைப் பதிவு செய்துகொண்டு தொழிலில் இறங்கிவிடலாமா, அல்லது தொழிலுக்குத் தயாராகிவிட்டாரா என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு பரீட்சை வைத்துப் பார்த்த பிறகே லைசென்ஸ் வழங்க வேண்டுமா? இக்கேள்வி பாமர ஜனங்களின் உயிரைப் பற்றியது. ஆகவே ராஜீய விஷயங்களில் சிரத்தையுள்ள நமது நேயர்கள் இதை ஆஸ்பத்திரிக்காரர்களின் விவகாரம் என்று தள்ளிவிடலாகாது.

இன்றுள்ள ஏற்பாட்டை முதலில் பார்ப்போம். நமது தேசத்தில் நர்ஸ் தொழிலுக்கு முறையான போதனை ஆரம்பித்ததே சென்னையில்தான். 1871-ஆம் வருஷம் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அது தொடங்கிற்று. நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்வதற்கென்று சென்னை மாகாணச் சட்டம் 1926-ல் வந்தது. 1947-ல் இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் ஏற்பட்டது. அதற்குப் பதிலாக ஒரு தேசீயக் கமிஷனை அமைக்கும் சட்டத்தைப் பார்லிமெண்ட் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றியது. சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இத்தனை சட்டங்களின் கீழும் நடந்து வந்திருப்பது ஒன்றே. சர்வகலாசாலையோ பரீட்சை போர்டோ நடத்தும் கடைசிப் பரீட்சையில் தேறியவர், மாகாணக் கவுன்சிலில் பணம் கட்டிப் பெயரைப் பதிந்துகொள்வார். தனியாக லைசென்ஸ் பரீட்சை என்பது கிடையாது. டாக்டர்களுக்கு அப்படியொன்று வேண்டும் என்று 2019-ஆம் வருஷச் சட்டம் விதித்தது. தமிழ்நாட்டு முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் 2023 ஜூனில் பிரதம மந்திரிக்குக் கடிதம் எழுதி அதை ஆட்சேபித்தார்; அடுத்த மாதமே பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. டாக்டர் விஷயத்தில் எழுந்த வாதம் நர்ஸ் விஷயத்திலும் எழாமலிராது. எழும்போது நமது கட்சி என்ன என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

அயல் நாட்டார் இதில் தயங்கவேயில்லை. நியூஸிலாந்து 1901-லேயே நர்ஸுகளைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் எந்தக் காலேஜில் படித்திருந்தாலும் பொதுவான லைசென்ஸ் பரீட்சை ஒன்றில் தேறியே ஆக வேண்டும். 1994 முதல் அது கம்ப்யூட்டரில் நடைபெறுகிறது. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி சற்றுக் கடினமாக வரும். தவறினால் எளிதாக வரும். ஒருவரின் திறமையின் மட்டம் இன்னதென்று நிச்சயப்படும் வரையில் கேள்விகள் நீளும். ஆகவே ஒருவருக்கு 85 கேள்வியில் முடிவது மற்றொருவருக்கு 150 வரை போகலாம். இங்கிலாந்திலோ கம்ப்யூட்டர் பரீட்சை போதாதென்று, வெளிநாட்டு நர்ஸுகளைப் பத்து மேடைகளில் நிறுத்தி, மருந்து கொடு, புண்ணைக் கட்டு, நின்றுபோன மூச்சை மீட்டுக் காட்டு என்று கையால் செய்து காட்டச் சொல்கிறார்கள். அரபு நாடுகளுக்கும் தனித்தனிப் பரீட்சை உண்டு.

இவற்றையெல்லாம் எழுதுகிறவர்களில் நம்மவர் எத்தனை பேர்! கடன் வாங்கிப் படித்த தென் ஜில்லாப் பெண்களும் பையன்களும் கூலிக்குப் பாடம் சொல்லும் கூடங்களில் மாதக்கணக்காக உட்கார்ந்து இப்பரீட்சைகளுக்குத் தயாராகிறார்கள். அவர்கள் போவதை நாம் குறை சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டைத் தேடுவது குற்றமன்று. நமது மனம் பொறுக்காதது வேறு. லண்டன் நோயாளியைத் தொடுமுன் நமது நர்ஸ் ஒரு பரீட்சையில் தேறியாக வேண்டும். சாத்தூர் நோயாளியைத் தொடுவதற்கு அது வேண்டியதில்லை! சாத்தூர்க்காரன் உயிருக்கு அவ்வளவுதான் மதிப்பா? சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டுக்கு மேலான தேசத்தில் இக்கேள்வி கேட்கப்பட வேண்டியதாயிருப்பதே வெட்கக்கேடு. ஆதலால் பொதுப் பரீட்சை கூடாது என்று சொல்பவர்களோடு நாம் சேரவில்லை. அது எப்படிப்பட்ட பரீட்சை, யார் மீது அதன் பாரம் விழுகிறது என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

தொழிலுக்குத் தயார் என்றால் என்ன? உதாரணத்துக்குத் தீக்காயத்தையே எடுத்துக்கொள்வோம். உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது என்பதை அளக்க ஓர் ஒன்பதுக் கணக்கு உண்டு. தலைக்கு நூற்றுக்கு ஒன்பது, கை ஒன்றுக்கு ஒன்பது, கால் ஒன்றுக்குப் பதினெட்டு, முன்புறம் பதினெட்டு, முதுகுப்புறம் பதினெட்டு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு இரு கைகளும் மார்பும் வயிறும் வெந்திருந்தால் நூற்றுக்கு 36. முதல் நாள் ரத்தக் குழாய் வழியே இறக்க வேண்டிய திரவத்தைப் பார்க்லாண்ட் கணக்குப்படி போட்டால், 4-ஐ 50-ஆலும் 36-ஆலும் பெருக்க, 7,200 மில்லிலிட்டர் வரும். இதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். (இவ்வளவு வேண்டாம், குறைவாகத் தொடங்கலாம் என்று சொல்லும் வைத்தியர்களும் இன்று உண்டு, நாம் சொல்ல வந்ததற்கு அதனால் பாதகமில்லை.) எந்தப் பரீட்சையிலும் இக்கணக்கு வரும், குழந்தையும் போட்டுவிடும்.

ஆனால் எட்டு மணி நேரம் என்பது எப்போதிலிருந்து? நெருப்புப் பட்ட நேரத்திலிருந்தே அன்றி ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்தல்ல. பட்டாசுச் சாலையிலிருந்து தூக்கி, சாத்தூரில் காட்டி, அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மதுரைக்குக் கொண்டுபோவதற்குள் வழியில் ஒன்றுமே ஏற்றாமல் இரண்டு மணி நேரம் கழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஆறு மணிதான். மணிக்கு 600 மில்லிலிட்டர் இறங்க வேண்டும். வந்த நேரத்தை வைத்துக் கணக்கிட்ட நர்ஸோ 450-தான் இறக்குவார். அப்பெண்ணின் சிறுநீர் மணிக்கு 25 மில்லிலிட்டருக்குக் குறைகிறதா என்று பார்த்து உடனே டாக்டருக்குச் சொல்லாவிட்டால், பிழை வெளியில் தெரிவதற்குள் சிறுநீரகம் கெட்டுவிடும். எப்போது நெருப்புப் பட்டது என்பதைப் பதறி நிற்கும் கணவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் கையில் கடிகாரம் இராது. மத்தியானச் சோற்றுக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் சொல்வான். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிவதே தயார் நிலை.

இன்னொன்று பாஷை. பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நெருப்பின் புகை தொண்டைக்குள் போய்விட்டால் குரல் கம்மும். சிறிது நேரத்தில் வீங்கி மூச்சு அடைபடும். இது புஸ்தகத்தில் அழகான ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் வார்டிலே கிழவி வந்து, "பிள்ளைக்குத் தொண்டை கம்மிப்போச்சு தாயி, கொஞ்சம் சோடா வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்றுதான் கேட்பாள். அவ்வார்த்தைக்குள் மரணம் ஒளிந்திருப்பதைக் கேட்டவுடன் பிடிக்க வேண்டும். வெந்த புண்ணில் மையும் பற்பசையும் பூசிக்கொண்டு வருபவர்களைத் திட்டாமல், இனிமேல் இருபது நிமிஷம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள் என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லி மனதில் பதிக்க வேண்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் கம்ப்யூட்டர் இதை அளக்குமா? ஒரு பகுதியை அளக்கலாம். மறு பகுதியைக் கட்டிலருகேதான் அளக்க முடியும், அதுவும் தமிழில்தான்.

இனி, பரீட்சையே ஒரு வியாபாரமாவதைப் பற்றி. அமெரிக்காவில் லைசென்ஸ் பரீட்சைக்கு முன்னதாக மாணவரின் தயார் நிலையைப் பார்ப்பதற்கென்று தனியார் கம்பெனிகள் நடத்தும் முன்பரீட்சைகள் இருக்கின்றன. எங்கே பலவீனம் என்று மாணவருக்குக் காட்டுவதற்கு ஏற்பட்ட கருவி அது. அந்த மட்டில் நல்லதே. ஆனால் முதல் தடவையிலேயே இத்தனை சதவிகிதம் பேர் லைசென்ஸ் பெற வேண்டும் என்று மாகாண போர்டுகள் காலேஜுகளை நெருக்குகின்றன. காலேஜுகள் என்ன செய்தன? எல்லாப் பாடங்களிலும் தேறிய மாணவியைக் கூட, முன்பரீட்சையில் மார்க்குப் போதவில்லை என்று சொல்லிப் பட்டம் தராமல் நிறுத்திவைத்தன. தேறாதவளை அனுப்பாவிட்டால் தேர்ச்சி விகிதம் தானே உயரும் அல்லவா? வருஷக்கணக்கான சம்பளத்தை வாங்கிக்கொண்டு வாசலில் நிறுத்தினார்கள். இந்த ஒரு பரீட்சையை மட்டும் வைத்துப் பட்டத்தைத் தடுப்பது நியாயமல்ல என்று அந்நாட்டு நர்ஸிங் உபாத்தியாயர்களின் சங்கமே 2012-ல் பகிரங்கமாகச் சொல்ல நேர்ந்தது. பிலிப்பைன்ஸிலோ 2006 ஜூன் மாதம் நடந்த லைசென்ஸ் பரீட்சையின் கேள்விகள் முன்னதாகவே வெளியாகிவிட்டன. திருடியவர்கள் சிலர், ஆனால் அந்த வருஷம் எழுதிய ஆயிரக்கணக்கான நிரபராதிகளும், சம்பந்தப்பட்ட பகுதிகளை மறுபடி எழுதினாலன்றி அமெரிக்கா செல்லும் தகுதி இல்லை என்று அடுத்த வருஷம் தள்ளப்பட்டார்கள்.

நமது தேசத்துக் கதை இன்னும் ருசிகரமானது. மத்தியப் பிரதேசத்தில் நர்ஸிங் காலேஜுகளைப் பற்றி எழுந்த புகார்களை விசாரிக்கும்படி ஹைகோர்ட் சி.பி.ஐ.க்கு உத்தரவிட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட காலேஜுகளைப் பார்த்ததில் அறுபதுக்கு மேற்பட்டவை அடியோடு லாயக்கற்றவை என்று கண்டார்கள். அத்தோடு நின்றதா? 2024 மே மாதத்தில், விசாரணைக்குப் போன சி.பி.ஐ. உத்தியோகஸ்தர்களிலேயே சிலர், நற்சான்று கொடுக்க லஞ்சம் வாங்கியதாகக் கைதானார்கள்! அறுபது மாணவர்களைச் சேர்க்கும் காலேஜுக்கு நூறு படுக்கையுள்ள சொந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்பது விதி. விதி காகிதத்தில் இருக்கிறது. நோயாளியே இல்லாத கட்டிடத்தில் நான்கு வருஷம் படித்த பெண்ணைக் கூப்பிட்டு, உனக்குத் தொழில் தெரியவில்லை, வீட்டுக்குப் போ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அவள் குடும்பம் நிலத்தை விற்றுப் பணம் கட்டியிருக்கிறது. வாங்கியவர் மேல் விழ வேண்டிய அடி கொடுத்தவள் மேல் விழுகிறது.

பரீட்சையில் தேறியவர்களைச் சர்க்கார் எப்படி நடத்தியது என்பதையும் மறக்க முடியவில்லை. 2015-ல் போட்டிப் பரீட்சை எழுதித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான நர்ஸுகளுக்குத் தமிழ்நாட்டுச் சர்க்கார் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம். நிரந்தர உத்தியோகமும் சம வேலைக்குச் சம ஊதியமும் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் உட்கார வேண்டியதாயிற்று. யோக்கியதையை நிரூபி என்று கேட்பவர், நிரூபித்த பிறகு கூலியைக் குறைக்கக் கூடாது.

ஆகவே நாம் கோருவது இது. 2021-ல் வந்த புதிய பாடத்திட்டப்படி பி.எஸ்ஸி. நர்ஸிங் படிப்பில் எட்டாவது பருவம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கென்றே விடப்பட்டிருக்கிறது. அதன் முடிவிலேயே பொதுப் பரீட்சையை வைக்கட்டும். கணக்கும் மருந்து அறிவும் காகிதத்திலோ கம்ப்யூட்டரிலோ இருக்கலாம். பாதி மார்க்காவது கட்டிலருகே, தமிழ் பேசும் நோயாளியிடம் இருக்க வேண்டும். பரீட்சகர் வேறு ஜில்லாவின் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வார்டு பார்த்த மூத்த நர்ஸாக இருக்கட்டும். தவறியவருக்குத் தவறிய பகுதியை மட்டும் சில வாரம் பயிற்றி, பணம் வாங்காமல் மறுபடி பார்க்கட்டும். தேர்ச்சி விகிதத்தை, பரீட்சைக்கு அனுப்பப்பட்டவர்களை வைத்தல்ல, நான்கு வருஷத்துக்கு முன் சேர்க்கப்பட்டவர்களை வைத்துக் காலேஜ் வாரியாகக் கணக்கிட்டுப் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும். இடையில் நின்றவர், நிறுத்தப்பட்டவர் எல்லோரும் அக்கணக்கில் வருவார்கள். பொல்லாத காலேஜுக்கு ஒளிய இடம் இராது. இரண்டு வருஷம் தொடர்ந்து கீழே விழும் காலேஜில் மூன்றாம் வருஷம் புதிய சேர்க்கை கூடாது; உள்ளே இருக்கும் மாணவர்களைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் சேர்த்துப் படிப்பை முடித்துக் கொடுக்க வேண்டும், செலவு காலேஜுடையது.

சோதனையாக ஓரிடத்தில் ஆரம்பிக்க வேண்டுமானால் விருதுநகரையே சிபார்சு செய்வோம். 2022 ஜனவரியில் அங்கே சர்க்கார் மெடிகல் காலேஜ் திறக்கப்பட்டது. வெடிச்சாலைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வேலை மும்முரமாகும்போதுதான் விபத்தும் மிகும்; அதற்கு முன்பே, ஆடி முடிவதற்குள், முதல் பரீட்சையை நடத்திவிட முடியும். சட்டசபையில் இந்த ஜில்லாவின் பிரதிநிதிகளில் எவரேனும் இக்கேள்வியை எழுப்புவாரா என்று பார்க்கிறோம்.