அச்சகத்திலிருந்து எழுந்த தொழிற்சங்கம்

பிலிப்பைன்ஸ் தொழிலாளர் இயக்கத்தின் முன்னோடியான எழுத்தாளர் இசபெலோ டெ லோஸ் ரேயஸ் 1864இல் விகான் நகரில் பிறந்தார். தாய் லியோனா புளோரெந்தினோ பெயர்பெற்ற கவிஞர். நாட்டார் வழக்காறுகளைத் தேடித் தொகுத்த இசபெலோ, 1889இல் ‘எல் இலோகானோ’ இதழைத் தொடங்கித் தம் தாய்மொழியான இலோகானோவை அச்சேற்றினார்.

1897இல், அப்போது நாட்டை ஆண்ட ஸ்பானிய அரசு அவரைக் கைதுசெய்து பார்சிலோனாவுக்கு நாடுகடத்தியது. மோன்ஜுயிக் கோட்டைச் சிறையில் அராஜகவாதக் கைதிகளின் நட்பு வாய்த்தது. 1901இல் அவர் மணிலா திரும்பியபோது, மார்க்ஸ், அராஜகவாதி மலடெஸ்டா ஆகியோரின் நூல்களும் உடன் வந்தன.

1902இல் அச்சுத் தொழிலாளர்களைத் திரட்டி, நாட்டின் முதல் தொழிற்சங்கக் கூட்டமைப்பான ‘யூனியோன் ஒப்ரேரா டெமோக்ராதிகா’வை நிறுவினார். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தங்கள் பரவின. ஸ்பெயினுக்குப் பின் நாட்டை ஆண்ட அமெரிக்க ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தது. பிலிப்பைன் சுதந்திரத் திருச்சபை உருவானதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னர் செனட்டராகவும் பணியாற்றிய அவர் 1938இல் மறைந்தார்.