சக்கரம் இளைத்தால் பாறை ஏறும்

டிரயல்ஸ் மோட்டார் சைக்கிள் போட்டியில் வேகத்துக்கு வேலையே இல்லை. பாறை, ஓடை, சேறு என்று குறித்துவைத்த தடத்தை நடைவேகத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் ஒரு தண்டப்புள்ளி. வண்டி நின்றுபோனால் ஐந்து. ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கும் பிரபலமான போட்டியை 1952இலும் 1957இலும் ஜானி பிரிட்டன் வென்றது ராயல் என்ஃபீல்டு புல்லட்டில். நம்மூர் புல்லட் பிரியர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் கனமானவை. சாமி மில்லர் தன் 500 சிசி ஏரியலை வருடக்கணக்கில் செதுக்கிச் செதுக்கி இளைக்க வைத்தார். பிறகு ஸ்பெயினின் புல்டாகோவுக்கு மாறி, தானே உருவாக்க உதவிய ஷெர்பாவில் 1965இல் ஸ்காட்லாந்தை வென்றார். கனமான வண்டிகளின் காலம் அத்தோடு முடிந்தது. இன்று அவற்றைப் புதுப்பிக்கிறவர்கள் விட்டுவைக்காத இடம் சக்கரம்.

காரணம் உண்டு. சட்டத்தில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு கிலோதான். ரிம்மில் குறைந்தால், வண்டியை உந்திக் கிளப்பும்போது ஏறக்குறைய இரண்டு கிலோ குறைந்த பலன் கிடைக்கும். ரிம் முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் வேண்டுமே. அதோடு, கல்லில் பட்டு எழும்பிய கனமான சக்கரம் மறுபடி தரையைத் தொடத் தாமதிக்கும். அதுவரை பிடிமானம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இதே ஆட்கள் எஞ்சினின் ஃபிளைவீல் மட்டும் கனமாக இருக்க வேண்டும் என்பார்கள். ஊர்ந்து போகும்போது எஞ்சின் அணைந்துவிடாமல் காப்பது அந்தக் கனம்தான்.

இரும்பு ரிம்மை எடுத்துவிட்டு அலுமினிய ரிம் போடுவதில்தான் பெரிய லாபம். வழக்கமாக முன்னால் 21 அங்குலம், பின்னால் 18. அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வலுவுக்காகத் தடிமனாகச் செய்ய வேண்டியிருப்பதால் எடை அவ்வளவு குறைந்துவிடாது. பின்டயரில் காற்று ஐந்தாறு பிஎஸ்ஐதான். இவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மின்மேல் வழுக்கிச் சுற்றி, டியூப் வால்வைப் பிய்த்துவிடும். அதைத் தடுக்க டயரை ரிம்மோடு இறுக்கும் போல்ட் உண்டு. எடை குறைக்கிறேன் பேர்வழி என்று அதைக் கழற்றுவது மடத்தனம்.

ஹப் நடுவில் இருப்பதால் அதன் கனம் சுழற்சியை அவ்வளவாகப் பாதிக்காது. அழகாக இருக்கிறதென்று டிரம்மில் வரிசையாக ஓட்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓடையில் இறங்கினால் தண்ணீர் உள்ளே போய் பிரேக் கைவிட்டுவிடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. பழைய பேரிங்கைச் சுத்தியலால் அடித்து வதைக்கவும் வேண்டாம். அலுமினிய ஹப்பைச் சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், அது எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிந்து பேரிங்கை விட்டுக்கொடுக்கும்.

ஸ்போக்ஸைப் பிரிக்கும் முன், ஹப்பிலிருந்து ரிம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். புதுக் கம்பிகளைக் கோத்தபின் பெண்டு எடுக்கும் வேலை. ரிம் பக்கவாட்டில் ஆடுகிறதா, ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, நிப்பிளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிக்கொண்டே வர வேண்டும். ஸ்பானரால் தட்டினால் இறுகிய கம்பி கணீரென்னும், தளர்ந்தது மொத்தென்னும்.

டிரம்மின் உட்புறத்தை லேத்தில் கடைவது இதற்கெல்லாம் பிறகுதான். கம்பிகளின் இழுப்பில் டிரம் இம்மியளவு கோணும். முன்பே கடைந்துவைத்தால் பிரேக் ஒரு பக்கம் கவ்வும், மறுபக்கம் விடும். கோத்து முடித்த சக்கரம் முழுதாகச் சுற்ற இடமுள்ள லேத்தைத் தேடிப்பிடிப்பதுதான் பெரும்பாடு.