காட்டோரம் நாய்க்குட்டியை விடாதீர்கள்

ஓநாயும் நாயும் கலந்த குட்டிகளை அமெரிக்காவில் ஆசைக்கு வாங்குகிறார்கள். வளர்ந்தால் பல வீட்டுக்கு அடங்காது. காட்டிலும் விட முடியாது. அப்படிக் கைவிடப்பட்டவற்றைத் தன்னார்வலர்கள் காப்பகம் வைத்துப் பராமரிக்கிறார்கள்.

கோடியக்கரையில் ஓநாய் இல்லை, நரி உண்டு. 1967-இல் அமைந்த சரணாலயத்தில் வெளிமானும் உண்டு. நாம் கைவிடும் நாய் மான்குட்டியைத் துரத்தும். வெறிநோயை நரிக்கும் பரப்பும். அந்த நரி நம் ஆடுமாடுகளைக் கடித்தால் நோய் முற்றியபின் காப்பாற்ற வழியில்லை. நோயில்லாத நரியோ வயல் எலியைத் தின்னும் நண்பன்.

எனவே விவசாயப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை: நாய்க்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, பின்பு ஆண்டுதோறும். குட்டி வேண்டாமென்றால் கருத்தடை. செத்த கால்நடையை ஆழமாகப் புதையுங்கள். கடிபட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள்.