ஒரு பெண்ணின் எதிர்ப் பாட்டு

வழக்கென்று வந்துவிட்டால் இரு கட்சிக்காரர்களும் பேசத்தான் வேண்டும். ஆனால் 1952-ம் வருஷத்தில் அமெரிக்க ரேடியோக்காரர்கள் சிலர், வாதியின் பேச்சை வாரக் கணக்காக ஒலிபரப்பிவிட்டு, பிரதிவாதி வாயைத் திறந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வாதி, ஹாங்க் தாம்ஸன் என்னும் பாடகர். அமெரிக்காவின் தென் பிரதேசங்களில் குடியானவர்களும் ஆலைத் தொழிலாளரும் கித்தாரும் பிடிலும் கொண்டு வளர்த்த 'கண்ட்ரி' சங்கீதத்தில் அவர் கெட்டிக்காரர். தம்மைக் கைவிட்டு மதுச் சாலைகளின் கேளிக்கையை நாடிப் போன ஒரு பெண்ணை நொந்துகொண்டு அவர் பாடிய இசைத்தட்டு, விற்பனைப் பட்டியலில் 15 வாரம் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை.

உடனே கிளம்பியது எதிர்ப் பாட்டு. "இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்" என்று அதற்கு நீண்ட பெயர். 'ஹாங்கி டாங்க்' என்பது ஆட்டபாட்டங்களோடு கூடிய மலிவான மதுக்கடை. அங்கே வந்து சேரும் பெண்களைப் பற்றி ஆண்டவனை நொந்து பயனில்லை; கல்யாணமானதையே மறந்து திரியும் ஆண்களை முதலில் விசாரியுங்கள் என்பது பாட்டின் சாரம். இதில் ஒரு வேடிக்கை: பெண்களுக்காக வாதாடும் இந்தப் பாட்டை எழுதியவர் லூயிஸியானாவைச் சேர்ந்த ஜே. டி. மில்லர் என்ற ஆண்பிள்ளை! மெட்டோ தாம்ஸன் பாட்டின் மெட்டேதான். அதுவும் அவருக்குச் சொந்தமல்ல. 1929-ல் கார்ட்டர் குடும்பத்தாரும், பிறகு 1936-ல் ஒரு பக்திப் பாட்டில் ராய் ஏகஃபும் கையாண்ட பழைய மெட்டு. குற்றச்சாட்டு, பதில், பக்தி மூன்றையும் அது ஒன்றுபோலவே சுமந்தது.

பாடியவர் கிட்டி வெல்ஸ். அவரைப் புரட்சிக்காரி என்று எண்ணிவிட வேண்டாம். வயது 32, மூன்று குழந்தைகளின் தாய். கணவர் ஜானி ரைட்டும் பாடகர்தான். முன்பு பதிவு செய்த தட்டுகள் அவ்வளவாக விலைபோகாததால், இந்த அம்மாள் பாட்டை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலர் கூலியை உத்தேசித்தே மே மாதம் 3-ந் தேதி நாஷ்வில் நகரில் ஒலிவாங்கியின் முன் நின்றார். குரலில் கோபமில்லை, கெஞ்சலுமில்லை. சாட்சிக் கூண்டில் ஏறி உள்ளதை உள்ளபடி சொல்லுகிறவளைப்போல் பாடினார். இந்த நிதானந்தான் கேட்பவர் நெஞ்சைத் தைத்தது என்பது என் அபிப்பிராயம்.

என். பி. ஸி. ரேடியோ நிறுவனம் இப்பாட்டுக்குத் தடை போட்டது. 'கண்ட்ரி' சங்கீதத்தின் பெரிய மேடையான கிராண்ட் ஓலே ஆப்ரியும் முதலில் அதைப் பாட விடவில்லை. ஆண் பழித்தபோது கெடாத ஒழுக்கம், பெண் பதில் சொன்னதும் கெட்டுவிடும் என்று பயந்தார்கள் போலும்!

ஜனங்கள் அப்படிப் பயப்படவில்லை. 8 லட்சம் தட்டுகளுக்கு மேல் விலையாயின. பாட்டு ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. பில்போர்டு பத்திரிகையின் 'கண்ட்ரி' பட்டியலில் தனியாகப் பாடிய ஒரு பெண் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் தடவை. பெண் குரல் விலைபோகாது என்று அதுவரை சாதித்து வந்த இசைத்தட்டுக் கம்பெனிகள், அதன்பின் பாடகிகளைத் தேடத் தொடங்கின. ஆப்ரியும் அம்மாளைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டது. பின்னாளில் பெரும் புகழ் பெற்ற லொரெட்டா லின், தமக்கு முன்மாதிரி இவரே என்று நன்றியோடு சொல்லி வந்தார்.

கிட்டி வெல்ஸ் 2012-ல் தமது 92-வது வயதில் காலமானார். மனைவியை மறந்து திரியும் கணவன்மாரைப் பற்றிப் பாடிப் பேரெடுத்த அவர், 1937-ல் கைப்பிடித்த ஜானி ரைட்டுடனேயே, 2011-ல் அவர் கண்மூடும் வரையில் குடித்தனம் நடத்தினார்.