பதற்றம் தணிந்தால் மறதிநோய் விலகுமா?

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2,000க்கும் மேற்பட்ட முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2024இல் வெளியான முடிவு: ஓயாத மனப்பதற்றம் உள்ளவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஏன்? கவலை நீளும்போது அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில் அதன் ஏற்பிகள் அதிகம். முதல் அடி அங்கே விழுகிறது என்று கருதுகிறார்கள். தூக்கமும் கெடும், ரத்த அழுத்தமும் ஏறும். உள்ளுக்குள் தொடங்கிவிட்ட நோயின் முதல் அறிகுறியாகவே பதற்றம் வருவதும் உண்டு. காரணம் எது, விளைவு எது என்று பிரிப்பது கடினம்.

என்னை நிமிர வைத்தது வேறொன்று: அதே ஆய்வில், இடையில் பதற்றம் தணிந்தவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. 'வயசானா அப்படித்தான்' என்று பாட்டியின் படபடப்பை ஒதுக்காதீர்கள். பேச்சுவழிச் சிகிச்சை எழுபதிலும் பலன் தரும்.